ஒரு சில்லு பாக்கி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஒரு பழம்பொருள் காட்சிசாலையில் எனக்குப் பானை ஒட்டும் வேலை. செம்மண் பொட்டல்களில் பழைய ஈமக்குழிகளைத் தோண்டுவார்கள். அங்கிருந்து ஓட்டுச்சில்லுகள் சாக்கு சாக்காக வரும். கழுவி, மணல் பரப்பிய தட்டில் நிறுத்தி, பொருத்தம் பார்த்துப் பசை தடவ வேண்டும். ஒரே இடத்தில் உட்காருவது என்னால் ஆகாது. ஒரு சில்லு காய்வதற்குள் நாலு முறை எழுந்து நடப்பேன். "காலுல சக்கரமா கட்டியிருக்கீங்க?" என்பார் அதிகாரி.

அந்தப் பானைகளெல்லாம் ஏன் உடைந்து கிடக்கின்றன என்று நான் யோசித்ததில்லை. மண்ணின் பாரம் நசுக்கிவிட்டது என்று அவர் சொல்லியிருந்தார். சரி என்று விட்டுவிட்டேன்.

அந்த ஆவணியில், இலுப்பூர் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்பா இறந்துபோனார். மயானத்தில் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நான் அவரைச் சுற்றிவர, ஒவ்வொரு சுற்றுக்கும் நாவிதர் அரிவாள் நுனியால் குடத்தில் ஒரு துளை போட்டார். கடைசியில், "பின்னால போட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போங்க தம்பி" என்றார். போட்டேன். அந்தச் சத்தம் முதுகில் அறைந்தது. அன்றிலிருந்து தூக்கமே பிடிக்கவில்லை.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். நான் விட்டுப்போன பானை தட்டில் அப்படியே நின்றது. ஒரு சில்லுதான் பாக்கி. அதைக் கையில் எடுத்தவன், திரும்பத் தட்டில் வைத்துவிட்டு அதிகாரியைக் கூப்பிட்டேன்.

"சார், இதை மண்ணு நசுக்கலை. யாரோ ஒரு மகன்காரன் போட்டு ஒடச்சிருக்கான். இதை ஒட்டக்கூடாது."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஒங்க ஊரு வழக்கத்தைத் தூக்கி அவங்க தலையில வைக்கலாமா? நடுவுல எத்தனை காலம் போயிருக்கு!"

"மண்ணு சொன்னா நம்புவீங்க, மனுசன் சொன்னா நம்ப மாட்டீங்களா?" வேலை போனால் போகட்டும் என்றிருந்தது எனக்கு.

அவர் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "சரி, சொல்லுங்க. எதுக்காக ஒடைக்கிறீங்க?"

"இங்கிட்டு ஒனக்கு இனிமே ஒண்ணுமில்லை, வீட்டுக்குத் திரும்பி வந்துறாதேன்னு செத்தவங்களுக்குச் சொல்றதுதான் சார்."

சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது. அத்தனை நாளாக என்னைத் தூங்கவிடாமல் துரத்தியது அதுதான். அப்பாவிடம் அப்படிச் சொல்ல எனக்கு இஷ்டமே இல்லை. வரட்டுமே, வந்தால் என்ன?

"வேண்டாம், விட்டுருங்க. இது இப்படியே இருக்கட்டும்" என்றார் அதிகாரி.

நான் பசையைத் தடவி அந்தச் சில்லை ஒட்டினேன்.