ஒரு வுளூவில் நான்கு தொழுகை

நான் பள்ளிக்கூடத்தில் பொருளியல் படிப்பிக்கிறேன். கிடைப்பருமை, தெரிவு, ஒன்றைத் தெரிந்தெடுப்பதால் இழக்கிற மற்றதான அமையச் செலவு என்று பலகையில் எழுதிவிட்டு, ஒவ்வொரு வருடமும் தண்ணீரைத்தான் உதாரணம் சொல்வேன். எங்கள் வறண்ட கலேவெலப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

போன வறட்சியில் எங்கள் கிணறு சேறாகிப்போனது. வாரத்துக்கு இரண்டு தடவை தண்ணீர் வண்டியான பவுசர் வந்து தாங்கியை நிரப்பும். குடிக்க மட்டும் வடிகட்டிய தண்ணீரைக் கேனில் வாங்கினோம். வில்கமுவப் பக்கத்துச் சிறுநீரக நோயைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, வேறு தண்ணீரை வாயில் வைக்கவே எனக்குப் பயம். எங்களுக்கு ஒரே மகள், பதினான்கு வயது.

வீட்டுச் சட்டங்களை நானே போட்டேன். குளிக்க ஒரு வாளி. உடுப்புக் கழுவிய தண்ணீர் கக்கூஸுக்கு. தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் வுளூவுக்குக் குழாயைத் திறக்கக் கூடாது, ஒரு கோப்பைதான். “பவுசர்காரன்ட்ட கெஞ்சினா குடுப்பான். ஒன் உம்மாட்ட ஒரு கோப்ப கூட வாங்க ஏலாது” என்று என் கணவர் மகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவள் சிரிக்கவில்லை. பகல் ளுஹருக்கு எடுத்த வுளூவோடு அஸர், மஃரிப், இரவு இஷா எல்லாம் தொழுதாள். கக்கூஸுக்குப் போனால் வுளூ முறியும், மறுபடி கழுவ வேண்டும். அவளுக்கு முறியவேயில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. யார் என்று சொல்லாமல் வகுப்பிலும் சொன்னேன். பள்ளிக்குக் கொண்டுபோன தண்ணீர்ப் போத்தல் முக்கால்வாசி நிறைந்தபடி திரும்பி வந்ததைக் கண்டேன். அதைக் கேத்தலில் ஊற்றித் தேநீர் போட்டேன்.

ஒரு பின்னேரம் தொழுத பாயிலிருந்து எழும்ப முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். உடம்பு கொதித்தது. சிறுநீர் சாயத் தண்ணீர் போலப் போவதையும், எரிவதையும் அப்போதுதான் சொன்னாள். ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று கேட்டேன்.

“குடிச்சா போகணும் உம்மா. போனா ஒரு வாளி. பொறகு வுளூவுக்கும் தண்ணி. குடிக்காட்டி எல்லாமே மிச்சந்தானே.”

என் மாணவர்களில் ஒருவர்கூட அமையச் செலவை இவ்வளவு சரியாக விளக்கியதில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை குடிப்பாய் என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் கேட்டார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். சொல்லலாமா என்று அனுமதி கேட்கிற பார்வை. நான் தலையாட்டிய பிறகு இரண்டு விரலைக் காட்டினாள். கிருமி சிறுநீரகம்வரை ஏறியிருப்பதாக டொக்டர் சொன்னார். இரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ஓர் அளவு கூடியிருந்தது. காய்ச்சல் விட்ட பிறகு மறுபடி பார்த்தால்தான், ஏதும் பழுது தங்கிவிட்டதா என்பது தெரியுமாம்.

அந்தப் பரிசோதனை அடுத்த கிழமை. இப்போது மழை பெய்து கிணறும் ஊறிவிட்டது. மணிக்கொரு தடவை கிளாஸை நிரப்பிக் கொடுக்கிறேன், முழுவதும் குடிக்கிறாள். பிறகு கால்களை ஒடுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். தாங்கி நிறையத் தண்ணீர் இருக்கிறது, கக்கூஸுக்குப் போய்விட்டு வா என்கிறேன்.

“தெரியும் உம்மா” என்கிறாள். எழும்புவதில்லை.