தூங்குமூஞ்சி மரத்துக்கு இடுப்பளவு

என் ஓரகத்தி தையல்காரி. என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தபோதே மிஷினையும் கூட்டிக்கொண்டு வந்தவள். வீட்டுக்குள் இருட்டு என்று, தெருவோரம் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தடியில் அதைப் போட்டாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். கையும் ஓயாது, வாயும் ஓயாது. "என் கடைக்கு முதலாளியே இந்தத் தூங்குமூஞ்சிதான்" என்று சிரிப்பாள்.

எதிர்க்கடை சிமென்ட்காரருக்கு லாரி திரும்ப இடம் போதவில்லை. மரத்தை வெட்ட ஊராட்சியில் மனுக் கொடுத்துவிட்டார். எங்கள் ஊராட்சியில் ஒரு சட்டம் உண்டு. நெஞ்சு உயரத்தில் ஒன்றரை மீட்டருக்குக் குறையாத சுற்றளவுள்ள மரத்தை யாரும் தொடக் கூடாது. குறைந்தால் வெட்டிக்கொள்ளலாம்.

அளக்க வந்த ஆபீசர் டேப்பை மறந்துவிட்டு வந்தார். "என்னோடத எடுத்துக்கோங்க சார், கரெக்டா ஒன்றரை மீட்டர்" என்று இவளே கழுத்தில் கிடந்ததை உருவிக் கொடுத்தாள். டேப் மரத்தைச் சுற்றி வந்து முனையோடு முனை சேர்ந்து, மேற்கொண்டு இரண்டு விரல் மிச்சமும் இருந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது, மிச்சம் தெரியாதா?

"அளவு பத்தலையேம்மா" என்றார் ஆபீசர். வெட்ட அனுமதி கொடுக்கப்போகிறார் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அவள் மிஷின் ஓய்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் தபால்காரர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்னக்கா தச்சிருக்கீங்க? சைக்கிள்ல நான் முன்னால போறேன், பேன்ட் பின்னால வருது!"

"நீ சொன்ன அளவுதானேப்பா? சாப்பாட்டக் குறைச்சுட்டு என்மேல பழியா?"

"அது டவுன் டெய்லர் எடுத்த அளவு. அவர் தச்சது கச்சிதமா நிக்குதே!"

பதில் சொல்ல வாயெடுத்தவள் கழுத்தில் கிடந்த டேப்பைக் குனிந்து பார்த்தாள். ஒரே ஓட்டமாக ஓடி, சிமென்ட்காரரிடமே இரும்பு டேப்பை இரவல் வாங்கி, தன் டேப்பைப் பக்கத்தில் விரித்தாள். இவளுடைய ஒன்றரை மீட்டர் நான்கு விரல் கூடுதல் நீளம்! இழுத்து இழுத்து நைந்து நீண்டிருக்கிறது.

"அக்கா, இத்தனை வருஷம் ஒருத்தருக்கும் அளவு தப்பலையே!" என்று என் பக்கம் திரும்பினாள்.

எப்படித் தப்பும்? உடம்பையும் அதில்தான் அளந்தாள், துணியையும் அதில்தான் அளந்தாள்.

"வெளியே சொல்லாதடி, தொழில் போயிடும்" என்றேன்.

"மரம் போனா எங்க உக்காந்து தைக்கிறதாம்?" என்றவள், இரண்டு டேப்பையும் தூக்கிக்கொண்டு, எதிரே வந்தவர்களிடமெல்லாம் "என் டேப்பு பொய் சொல்லிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே ஊராட்சி ஆபீசுக்கு நடந்தாள்.

ஆபீசர் வந்து இரும்பு டேப்பால் மறுபடி அளந்தார். முனையும் ஒன்றரை மீட்டர் கோடும் சேரவில்லை, இரண்டு விரல் இடைவெளி. தெருவே கைதட்டியது.

"என் டேப்பே எனக்கு எதிரா சாட்சி சொல்லிடுச்சே!" என்று சிமென்ட்காரர் தலையில் கை வைத்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். லாரி இப்போது ரிவர்ஸில் வருகிறது.

தொழிலும் போகவில்லை. ஆனால் புது டேப் வந்ததும் ஊரில் பெண்கள் எல்லோருக்கும் இடுப்பு ஒரே நாளில் ஒரு அங்குலம் கூடிவிட்டது. "அடியே, அந்தப் பழசையே எடு" என்று சண்டை. என்னிடமும் புதுசை நீட்டினாள். "சட்டமெல்லாம் மரத்துக்குத்தான், எனக்கில்ல" என்று சொல்லிவிட்டேன்.