மாடி வராந்தாவின் கடைசிக் கதவு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. என் அம்மாவே நம்பவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த வராந்தாவில் நின்றவள் நான். கண்ணால் பார்த்தேன். காதால் கேட்டேன்.

என் பெயர் அன்னபூர்ணி. அப்பா சுப்ரமணியனுக்கு ரயில்வேயில் வேலை. நான் பத்தாம் வகுப்புக்கு வந்த வருஷம் அரசிகெரேயிலிருந்து மைசூருக்கு மாற்றல். மழைக்காலத்தின் நடுவில், தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தார்கள். பள்ளியில் பேச்சு எல்லாம் கன்னடம்தான். தமிழ் பேசுகிறவர் என் வகுப்பில் ஒருவரும் இல்லை. டீச்சர்களிலும் இல்லை.

பெயரே முதல் தொல்லை. கன்னடத்தில் 'அன்ன' என்றால் சோறு. சேர்ந்த மறுநாளே நான் 'அன்ன சாரு' ஆகிவிட்டேன். சோறும் ரசமும். டீச்சர்களுக்கு அந்தப் பெயர்கூடத் தேவைப்படவில்லை. "ஏய், நியூ அட்மிஷன்!" அவ்வளவுதான்.

அது சேர்ந்த முதல் வாரம். அன்றைய நாள் விடிந்ததிலிருந்தே சரியில்லை. பஸ் நிற்காமல் போனது. அடுத்த பஸ்ஸில் நசுங்கி வந்து சேர்ந்தால் பிரேயர் முடிந்திருந்தது. தாமதத்துக்குத் தண்டனையாக மைதானத்தில் காகிதம் பொறுக்கினேன். சுத்தமாகக் கழுவிய ஷூ சேறாகிவிட்டது. அதற்கு முதல் பீரியடில் தனியாகத் திட்டு. மதியம் பையைத் திறந்தால் டிபன் பாக்ஸ் மூடி கழன்று, மோர்க்குழம்பு முழுக்கக் கணக்கு நோட்டில். ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்கெல்லாம் மஞ்சள் சகதி. சாப்பாடும் இல்லை.

சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் எங்களை மாடிக்குப் போகச் சொன்னார்கள். கீழே எங்கள் அறையில் வேறு ஏதோ பரீட்சை. நான் மாடி ஏறியது அன்றைக்குத்தான் முதல் முறை. நீளமான வராந்தா. எங்களுக்குக் கொடுத்த அறைக்கு அப்பால் ஒரே ஒரு கதவு. பச்சை பெயின்ட் உரிந்த பழைய கதவு.

கணக்கு மிஸ் கௌரம்மா வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"நியூ அட்மிஷன், ஹோம்வொர்க் எங்கே?"

"போட்டேன் மிஸ்... நோட்டுல குழம்பு கொட்டி..."

வகுப்பே சிரித்தது. எங்கிருந்தோ "அன்ன சாரு" என்று ஒரு குரல்.

"ஹொரகே ஹோகு!" மிஸ் வாசலைக் காட்டினார்.

வெளியே போய் நின்றேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. வா என்றால் வரவேண்டும், போ என்றால் போகவேண்டும். நான் சொல்வதைக் கேட்க அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆள் இல்லை.

மேகம் கட்டி மத்தியானமே இருட்டிவிட்டது. கரண்ட் போனது. சடசடவென்று மழை.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டொக்... டொக்... டொக்...

கரும்பலகையில் சாக்பீஸ் தட்டும் சத்தம். எங்கள் வகுப்பிலிருந்து இல்லை. கடைசிக் கதவுப் பக்கமிருந்து.

திரும்பிப் பார்த்தேன். கதவு பாதி திறந்திருந்தது. வரும்போது மூடியிருந்ததா? சரியாகக் கவனிக்கவில்லை. சும்மா நிற்பதற்குப் பதில் எட்டிப் பார்க்கலாமே என்று நடந்தேன்.

உள்ளே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வரிசையாகப் பெஞ்சுகள். எல்லோரும் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். எண்ணெய் வைத்துப் பின்னிய ஜடைகள், வெள்ளை ரிப்பன். எல்லோருக்கும் முன்னால் ஒரு சார், பலகையைப் பார்த்தபடி எழுதிக்கொண்டிருந்தார்.

ஏதோ ஒன்று சரியில்லை என்று தோன்றியது. என்னவென்று உடனே பிடிபடவில்லை.

சார் எழுதிக்கொண்டே இருந்தார். பலகையில் ஒரு எழுத்துகூட விழவில்லை.

ஒருவரும் இருமவில்லை. பெஞ்சு கிறீச்சிடவில்லை. ஒரு ரிப்பன்கூட அசையவில்லை.

வெளியே மழை இருட்டு. அந்த அறைக்குள் மட்டும்... காலை வெயில்.

சார் திரும்பவில்லை. கை மட்டும் நின்றது.

"அன்னபூர்ணி."

முழுப் பெயர். அந்த வாரத்தில் முதல் முறையாக ஒருவர் என் பெயரை முழுதாகச் சொன்னார்.

"ஏம்மா வெளியே நிக்கிற? உள்ளே வா. இடம் இருக்கு."

தமிழ். எங்கள் வீட்டுத் தமிழ்.

கடைசிப் பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில். தலை திரும்பாமல்.

உண்மையைச் சொல்கிறேன். போகத்தான் நினைத்தேன். வலது காலைத் தூக்கியும் விட்டேன்.

"சீக்கிரம் வா," என்றார் சார். "சொன்னா உடனே வரணும்."

அந்த ஒரு வார்த்தை. காலையிலிருந்து அதைத்தானே எல்லோரும் சொன்னார்கள்! எனக்குள் எதுவோ பொங்கிவிட்டது.

"வர மாட்டேன்!" என்று கத்தினேன். "போங்க சார், வர முடியாது!"

தூக்கிய காலைப் பின்னால் வைத்து, அங்கேயே தரையில் உட்கார்ந்தேன்.

சாரின் குரல் அதோடு நின்றது.

முகத்தில் ஈரம் பட்டது.

மழை.

கதவுக்கு உள்ளேயிருந்து... மழை.

நிமிர்ந்து பார்த்தேன்.

அறை இல்லை.

தரை இல்லை.

நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வானம். கீழே, வெகு கீழே, உடைந்த கல்லும் துருப்பிடித்த கம்பியும்.

நான் போட்ட அலறலில் மிஸ் ஓடி வந்தார். கதவைப் பார்த்ததும் என் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார். "யார் திறந்தது? இதை யார் திறந்தது?"

அந்தப் பகுதி முன்பு ஒரு பெருமழையில் இடிந்து விழுந்ததாம். இடிந்தது விடுமுறையில். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். பின்பக்கம் தகரம் அடித்து மறைத்திருந்ததால் பள்ளி வாசலிலிருந்து பார்த்தால் தெரியாது. மாடிக் கதவைப் பலகை வைத்து ஆணி அடித்து மூடியிருந்தார் அட்டெண்டர் மல்லப்பன். அந்தப் பலகைகள் இப்போது சுவரோரம் ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் ஆணிகள், சிறு குவியலாக.

"நேத்து சாயங்காலம்கூடப் பார்த்தேனே," என்று மல்லப்பன் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. ஆணிகளை நான்தான் பிடுங்கினேன் என்று என்மேல் பழி போட்டார் ஹெட்மாஸ்டர். அப்பாவை வரவழைத்தார். அப்பா என் கையைப் பிடித்து அவர் மேஜைமேல் வைத்தார்.

"பாருங்க சார். ஒரு கீறல் இருக்கா? அந்த நீள ஆணியைப் பிடுங்கற கையா இது?"

ஹெட்மாஸ்டர் என்னை வகுப்புக்குப் போகச் சொன்னார். மன்னிப்பு கேட்கவில்லை. வீட்டில் அம்மா, "காலைலேருந்து பட்டினி, கண்ணை இருட்டியிருக்கும்" என்று முடித்துவிட்டாள். சார் கூப்பிட்டார் என்று பள்ளியிலும் வீட்டிலும் சொன்னேன். அதற்குமேல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

இரண்டு நாள் காய்ச்சல். திரும்பிப் போனபோது, வகுப்பில் அதுவரை என்னோடு பேசாத ஸஞ்சனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உன்னை ஒரு சார் கூப்பிட்டாராமே?"

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"சிரிக்க வரலை," என்றாள். "ரெண்டு வருஷம் முன்னாடி பொன்னப்பான்னு ஒரு பையன். குடகுக்காரன். எங்க அண்ணனோட பெஞ்சு. அவனையும் வெளியேதான் நிக்க வெச்சாங்க. அந்தக் கதவு வழியா விழுந்துட்டான். ரெண்டு காலும் போச்சு. விளையாடி விழுந்தான்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம்தான் பலகை அடிச்சாங்க."

"அவன் என்ன சொன்னான்?"

"ஆஸ்பத்திரியில எங்க அண்ணன்கிட்ட சொன்னானாம். ஒரு சார் பேர் சொல்லிக் கூப்பிட்டார், உள்ளே இடம் இருக்குன்னார், போனேன்னு. காய்ச்சல்ல உளர்றான்னு அண்ணன் நினைச்சான். ஏன்னா அவன் சொன்ன இன்னொரு விஷயம் நடக்கவே முடியாது."

"என்ன விஷயம்?"

ஸஞ்சனா குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த சார் அவங்க வீட்டு பாஷையில கூப்பிட்டாராம். குடகு பாஷை. இங்க எந்த சாருக்கும் அது தெரியாது."

என்னை அவர் தமிழில் கூப்பிட்டதை அதுவரை நான் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.