ஆமென் பாட்டில்

நாரத்தம் பழத்தின் தோலில் நகம் பட்டவுடன் ஒரு நெடி கிளம்பும். மூக்கில் ஏறி, கண்ணோரத்தைக் கரிக்கவைத்து, விரலில் ஒட்டிக்கொண்டு, சோப்புப் போட்டுக் கழுவினாலும் மறுநாள் பள்ளிக்கூடத்தில் பென்சிலைக் கடிக்கும்போது திரும்ப வந்து நிற்கும். ஊரெல்லாம் அந்த நெடிக்கு ஊறுகாயைத்தான் நினைத்துக்கொள்ளும். எனக்கு மட்டும் கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் சாப்பாட்டு மேஜையும், அதற்கு அடியில் என் மடியில் இருந்த ஒரு ஜாம் பாட்டிலும், என் அண்ணன் சாமுவேலும்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். குரோம்பேட்டை வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் இன்ஜினியரிங் கல்லூரியின் வாசலை ஜன்னல் வழியே காட்டி, "உங்க அண்ணன் அங்கதான் படிக்கப்போறான்" என்று என்னிடம் சொல்வார். அண்ணன் சேர்ந்ததோ "கேட்டரிங்". விண்ணப்பம் போட்டது, இடம் கிடைத்தது எல்லாம் முடிந்த பிறகுதான் அப்பாவுக்குத் தெரியும். "கரண்டி பிடிக்கிறதுக்காடா உன்ன இவ்வளவு படிக்க வெச்சேன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதோடு அவனுடன் பேசுவதை நிறுத்திவிட்டார்.

நிறுத்திவிட்டார் என்றால் முழுக்க நிறுத்திவிடவில்லை. மகனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் ஆண்டவரிடம் சொல்லத் தொடங்கினார். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, அப்பா ஜெபம் செய்து, ஆமென் சொன்ன பிறகுதான் சோற்றில் கை வைக்கலாம். அப்பாவின் ஜெபம் ஊரறிந்த நீளம். பாளையங்கோட்டைப் பெரியப்பாவின் முட்டுவலியில் தொடங்கி, கல்யாணம் தள்ளிப்போகிற அத்தை மகள், சபை, சர்க்கார், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை என்று ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கடைசியில் பிள்ளைகளுக்கு வருவார். "என் மகன் சாமுவேலுக்கு நல்ல புத்தியைத் தாரும், ஆண்டவரே. காலையில் எட்டு மணி வரைக்கும் தூங்குகிறான். எலக்ட்ரிக் ரயிலில் படியில் தொங்கிக்கொண்டு போகிறானாம், பார்த்தவர்கள் வந்து சொல்கிறார்கள். நீரே அவனைக் காத்துக்கொள்ளும்." அண்ணன் கண்ணை மூடியபடியே உதட்டைக் கடித்துச் சிரிப்பான். "புள்ளைகிட்ட நேரா சொன்னா வாய் தேஞ்சா போயிடும்? ஆண்டவர்கிட்ட கோள்மூட்டிக்கிட்டு" என்று சாப்பாடு முடிந்ததும் அம்மா அடுக்களையில் முணுமுணுப்பாள்.

முதல் வருஷம் முடிந்து வந்த கோடை விடுமுறையில் அண்ணன் எங்கள் வீட்டுக்கு "சாலட்" கொண்டுவந்தான். அதற்கு முன் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்கிற வெங்காயத் தயிர்ப் பச்சடிதான். அதற்காகக் கல்லூரியில் அவன் படித்த லெட்யூஸ் இலையோ தாம்பரம் மார்க்கெட்டில் கிடைக்காத இலை. அலைந்து பார்த்துவிட்டு, சரி, பருப்புக்கீரைக் கொழுந்து போதும் என்று முடிவுக்கு வந்தான். அதைப் பச்சையாகத்தான் சாப்பிடப்போகிறான் என்று தெரிந்ததும் கீரைக்கார அக்கா கூடையை ஓரங்கட்டிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா தம்பி, அப்டியே துன்னப் போறியா? வூட்ல கேஸு தீந்துபூட்ச்சா?" அவள் கேட்டதை வழியெல்லாம் சொல்லிச் சொல்லி நானும் அண்ணனும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

கீரைக் கொழுந்து, முட்டைக்கோஸின் இளசான உள்ளிலை, புதினா, வெள்ளரி எல்லாவற்றையும் பானைத் தண்ணீரில் அலசி, துண்டில் போட்டு ஈரம் ஒற்றியெடுப்பான். சாத்துக்குடியைத் தோலோடு வெள்ளை நாரும் போகச் சீவி, சவ்வு வராமல் சுளையை மட்டும் கத்தியால் பிரித்தெடுப்பான். வெள்ளை ஒட்டியிருந்தால் கசக்கும். பிறகு அதன் மேல் ஊற்றுகிற "டிரெஸ்ஸிங்". வீட்டுக்காரர் காம்பவுண்டு மூலையில் வளர்த்த மரத்து நாரத்தையின் சாறு, நல்லெண்ணெய், கொஞ்சம் தேன், அரைத்த கடுகு, மிளகுத்தூள், உப்பு. எல்லாவற்றையும் காலி ஜாம் பாட்டிலில் விட்டு, மூடி, எண்ணெயும் சாறும் கலந்து மோர் நிறத்துக்கு வரும்வரை "கொளக் கொளக்" என்று குலுக்க வேண்டும். குலுக்குவது என் வேலை.

முதல் ஞாயிறு அண்ணன் ஒரு தப்புச் செய்தான். ஜெபத்துக்கு முன்பே அதை இலைமேல் ஊற்றிக் கிளறி, மேஜை நடுவில் வைத்துவிட்டான். கோடை வெயில், அப்பாவின் ஜெபம். பெரியப்பாவின் முட்டியும் அத்தை மகளின் தள்ளிப்போகிற கல்யாணமும் கடந்து ஆமென் வந்தபோது, உப்புப் பட்ட கீரை தண்ணீர் விட்டு, மழையில் மாட்டிய கோழிபோலத் தலை தொங்கிக் கிடந்தது. அப்பா தட்டை எட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "நம்ம வீட்ல ஆடு எதுவும் வளக்கலையே?" என்று கேட்டுவிட்டு ஆட்டுக்கறிக் குழம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அண்ணனும் சிரித்தான். ஆனால் அந்தப் பாத்திரத்தைத் தானே அடுக்களைக்கு எடுத்துக்கொண்டு போனபோது அவன் முகம் சுண்டிப்போயிருந்ததை நான் பார்த்தேன். ஒரே ஒரு வாய் அப்பா சாப்பிட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு அந்தக் கோடை முழுக்க வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் புதுச் சட்டம். இலையும் சுளையும் மேஜையில், பாட்டில் என் மடியில். அப்பா பிள்ளைகள் பேருக்கு வந்ததும் நான் குலுக்கத் தொடங்க வேண்டும்; ஆமென் சொன்ன நொடியில் ஊற்ற வேண்டும். அதற்கு "ஆமென் பாட்டில்" என்று அண்ணன் பேர் வைத்தான். சாமுவேலுக்கு நல்ல புத்தியைத் தாரும் என்று மேலே, கொளக் கொளக் என்று கீழே. "ஜெப நேரத்துல என்ன சத்தம்?" என்று அப்பா கண்ணைத் திறக்காமலே அதட்டுவார். சத்தம் நிற்கும், அவர் தொடர்ந்ததும் அதுவும் தொடரும். வாரா வாரம் தட்டு அவர் முன்னால் போகும், வாரா வாரம் தொடாமல் திரும்பி வரும். "தழை" என்றே அதற்குப் பேர் வைத்திருந்தார். அண்ணன் விடுமுறைக்கு விடுமுறை விடாமல் செய்தான். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பாள் அம்மா. கல் அசைகிறதாகத் தெரியவில்லை.

படிப்பு முடிந்ததும் அவனுக்குக் கப்பலில், பயணிகள் கப்பலின் சமையற்கட்டில் வேலை கிடைத்தது. புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறும் அதே மேஜை, அதே தட்டு. நாங்கள் கண்ணை மூடினோம். நான் பாட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பாளையங்கோட்டை வரட்டும், அத்தை மகள் வரட்டும் என்று காத்திருந்தேன். அப்பா தொண்டையைச் செருமினார். "ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டுக்காக ஸ்தோத்திரம். ஆமென்."

யாருக்கும் கண்ணைத் திறக்கவே தோன்றவில்லை. அம்மாதான் முதலில் திறந்து, ஏதோ உடம்புக்கு வந்துவிட்டதோ என்று அவரைப் பார்த்தாள். அப்பா தன் தட்டை முன்னால் நகர்த்தி, "ம், ஊத்து. வாடிடப்போவுது" என்றார். நான் பாட்டிலை இன்னும் குலுக்கவே இல்லை. அண்ணன் அதைப் பிடுங்கித் தானே குலுக்கி ஊற்றினான். ஊற்றிய வேகத்தில் மேஜைவிரிப்பெல்லாம் சிந்தியது. அப்பா ஒரு சுளையும் கொஞ்சம் கீரையுமாக எடுத்து வாயில் போட்டு, கணக்கு விடைத்தாளைத் திருத்துகிற முகத்தோடு மென்றார். பிறகு அண்ணனை நேராகப் பார்த்து, "உப்பு கொஞ்சம் கம்மிடா சாமு" என்றார். உப்பு எடுக்க அடுக்களைக்கு ஓடியவன் நெடுநேரம் வரவில்லை. "உப்பளத்துக்கே போயிட்டானா?" என்று அம்மா சிரித்துக்கொண்டே எழுந்து போனாள், அவளும் வரவில்லை. நானும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தட்டைக் காலி செய்தோம்.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் நம்பினோம். அவன் திரும்பி வந்ததும் பேச வேண்டியதை அப்பா மனதில் சேர்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். போன் வந்தால் நாங்கள் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றுவிட்டு, "லீவுல வரட்டும், நேர்ல பேசிக்கலாம்" என்பார். அண்ணனுக்குக் கப்பலில் மூளைக்காய்ச்சல் வந்தது. பேர் வாயில் நுழையாத ஏதோ துறைமுகத்து ஆஸ்பத்திரியில் இறக்கினார்களாம். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பெட்டியாக வந்தான்.

அடக்கம் முடிந்து வந்த முதல் ஞாயிறு. மேஜையில் அவன் நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. அப்பா பெரியப்பாவில் தொடங்கி வழக்கம்போல ஒவ்வொருவராக வந்தார். "என் பிள்ளைகள்..." என்று சொன்னவர் அதற்கு மேல் போக முடியாமல் நின்றுவிட்டார். எங்கள் சபையில் மரித்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் கிடையாது. அவர்கள் ஆண்டவரின் கையில் இருக்கிறார்கள், நாம் சொல்ல ஒன்றுமில்லை என்பது சிறுவயது முதல் நாங்கள் கேட்டு வளர்ந்தது. அப்பாவே எத்தனையோ துக்க வீடுகளில் அதைச் சொல்லி ஆறுதல்படுத்தியிருக்கிறார். மகனிடம் பேச அவருக்கு இருந்த ஒரே வழி அந்த ஜெபம்தான். அதிலும் அவன் பேரை எடுக்கக் கூடாது என்றால் அந்த மனிதர் எங்கே போய்ப் பேசுவார்? என் மனம் அன்று உடைந்ததுபோல் மயானத்தில்கூட உடையவில்லை. அம்மா தேம்பத் தொடங்கினாள். நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே எழுந்து போய், அலமாரியிலிருந்த ஆமென் பாட்டிலை எடுத்துவந்து, அவன் போகும்போது மிச்சம் வைத்துவிட்டுப் போன எண்ணெய்க் கசடோடு மேஜைக்கடியில் வைத்துக் குலுக்கினேன். அப்பா அதட்டவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என் பேருக்கு வந்து, "மெர்சியைக் காத்துக்கொள்ளும், ஆமென்" என்றார்.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் அப்படித்தான். அவன் பேர் வர வேண்டிய இடத்தில் அப்பா நிற்பார், நான் குலுக்குவேன், அப்பா தொடர்வார். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இப்போது அந்த வாடகை வீடு இல்லை. இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது, நாரத்தை மரத்தின் மூலையில் கார் நிறுத்துகிறார்கள். அம்மாவும் போய்விட்டாள். அவள் பேரை அப்பா ஜெபத்தில் நிற்காமல் தாண்டிவிடுகிறார். அவளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்திருந்தார் போலும். அவர் இப்போது கீழ்க்கட்டளையில் என் வீட்டில் என்னோடு இருக்கிறார். அண்ணன் தேடி அலைந்த இலையை எங்கள் தெருமுனைக் கடையில் பிளாஸ்டிக் டப்பாவில் கழுவி அடுக்கி, ஊற்ற வேண்டியதைப் பொட்டலமாகவும் சேர்த்து விற்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம், இதற்கு இவ்வளவுதானா பாடு என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது.

போன வாரம் கழுவும்போது கைநழுவி ஜாம் பாட்டில் உடைந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை சாற்றையும் எண்ணெயையும் கிண்ணத்தில் விட்டுக் கரண்டியால் அடித்து வைத்தேன். அப்பாவின் குரல் இப்போது தேய்ந்துவிட்டது, பட்டியலும் குறைந்துவிட்டது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலோர் போய்விட்டார்கள். அண்ணன் பேர் வர வேண்டிய இடத்துக்கு வந்து நின்றார். நானும் தலைகுனிந்திருந்தேன். மின்விசிறி மட்டும் சுற்றியது. அப்பா காத்திருந்தார்.

"சத்தத்தக் காணுமே, மெர்சி" என்றார், கண்ணைத் திறக்காமலே.

நான் எழுந்துபோய், கைக்குக் கிடைத்த ஊறுகாய் பாட்டிலைக் காலி செய்து, கிண்ணத்தில் இருந்ததை அதில் ஊற்றி எடுத்துவந்து உட்கார்ந்தேன். குலுக்கினேன். அப்பாவின் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை; கேட்டுவிடக் கூடாது என்று இன்னும் பலமாகக் குலுக்கினேன்.