பிளாஸ்டிக் பியூகிள்

லண்டன் மழைக்கு நேரம் காலம் கிடையாது. தோர்ண்டன் ஹீத்தில், பழைய சாமான் விற்கும் சாரிட்டி கடை ஒன்றில் ஒதுங்கி நிற்கிறேன். அலமாரியில் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே, ராணுவத்தில் ஊதும் பியூகிள் ஒன்று கிடக்கிறது. கையில் எடுத்தால் கனமே இல்லை, கரும்பச்சைப் பிளாஸ்டிக். விளையாட்டுச் சாமான் என்று நினைத்துத் திரும்ப வைக்கப் போகிறேன்.

"அது உண்மையா பட்டாளத்துக்குச் செய்தது, அண்ணை," என்கிறார் கல்லாவில் நிற்கும் சுகந்தி. இலங்கையின் வன்னியிலிருந்து வந்தவர். "இதைத் தந்த வெள்ளைக்கார அம்மாவின்ர தாய், உலகப்போர் நேரம் இதைச் செய்த ஃபாக்டரியில வேலை செய்தவவாம். ஆம்பிளையள் சண்டைக்குப் போக, பொம்பிளையள்தான் முழுக்கச் செய்தவை. அந்தத் தாய் ஒருநாளும் இதை ஊதிக் கேட்டதில்லையாம்."

"ஏன் பித்தளையில செய்யலை?"

"பித்தளையெல்லாம் பீரங்கி ஷெல் செய்யப் போயிட்டுதாம்."

இரண்டு பாதிகளை ஒட்டிய தழும்பு குழல் நெடுக ஓடுகிறது. யாரோ ஒருத்தி அதை அரத்தால் ராவியிருக்கிறாள். உதடு படும் இடத்தில் மட்டும் கூடுதலாக ராவி, வழவழவென்று ஆக்கியிருக்கிறாள்.

சுகந்தி அந்த இடத்தை விரலால் தடவிப் பார்க்கிறார்.

"எங்கட பள்ளிக்கூடத்து மணி ஷெல் கோதுதான், அண்ணை. சுட்டு முடிஞ்ச குண்டின்ர வெறுங்கோதை வேப்பமரத்தில கட்டித் தூக்கியிருந்தது. இரும்புத்துண்டால தட்டுவம்."

"சத்தம் கேட்குமா?"

அவர் பியூகிளை வாங்கி, கோப்பைகளுக்கு நடுவே பழையபடி வைக்கிறார்.

"நல்லாக் கேட்கும். பித்தளையெல்லோ."