மணிமேகலை டீச்சர் வாய் திறக்காத பட்டறை

சாணார்பட்டிப் பக்கத்தில் மணிமேகலை டீச்சரின் குரலைக் கேட்காத ஆசிரியர்கள் குறைவு. அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை அவர். பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றம் நடத்தும் ஆசிரியர்களைக் குளக்கரைக்கு அழைத்து அவ்வப்போது பயிற்சிப் பட்டறை நடத்துவார். மைக் வைத்தால் பக்கத்து வயலில் களை எடுப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். மைக் இல்லாவிட்டாலும் பார்ப்பார்கள்.

பேச்சென்றால் அவருக்கு அவ்வளவு பிரியம். தட்டான்பூச்சியில் ஆரம்பித்தால் அது முட்டையிடும் தண்ணீர், அந்தத் தண்ணீரில் நெளியும் கொசுப்புழு, கொசுப்புழுவைத் தின்னும் மீன் என்று போய்க்கொண்டே இருப்பார். கேட்கிறவர்களுக்குச் சலிக்காது. ஆனால் பேச்சு முடியும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருக்கும். நீர்ப்பூச்சி பிடித்துப் பார்க்கக் கொண்டுவந்த சல்லடைகளும் வெள்ளைத் தட்டுகளும் கட்டுப் பிரிக்காமலே ஆட்டோவில் நாகல் நகர் வீட்டுக்குத் திரும்பும். "அடுத்த தடவை கண்டிப்பா தண்ணியில இறங்குறோம்" என்பார். அடுத்த தடவை பேசுவதற்கு வேறொரு பூச்சி கிடைத்துவிடும்.

போன ஐப்பசியில் அவருக்குத் தொண்டை கட்டியது. பனங்கற்கண்டு, மிளகு, கஷாயம் எல்லாம் பார்த்தார். கரகரப்பு போய் வெறும் காற்றுதான் வந்தது. திண்டுக்கல்லில் டாக்டர் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்து, குரல் நாண்களில் சிறு முடிச்சுகள் விழுந்திருப்பதாகச் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் சில வாரங்களுக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுப்பதும் கூடாது.

டீச்சரின் கணவர் கண்ணுசாமி பழுதான மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். வீட்டில் 'ம்' கொட்டுவதைத் தவிர அவருக்கு அதுவரை வேலை இருந்ததில்லை. முதல் இரண்டு நாள் டி.வி.யைச் சத்தமாக வைத்துப் பார்த்தார். அப்புறம் அவரே பேச ஆரம்பித்துவிட்டார். கடைக்கு வந்த மோட்டார், அதைக் கொண்டுவந்த ஆள், அந்த ஆளின் மகள் கல்யாணம் என்று சோறு ஆறும்வரை சொன்னார். டீச்சர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த மனுஷனுக்குள் இவ்வளவு கதை இருந்ததா என்று அவருக்கு ஆச்சரியம்.

பட்டறைக்கு ஏற்கெனவே தேதி குறித்திருந்தது. தள்ளி வைக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். டீச்சர் கேட்கவில்லை. 'குளம் நெறஞ்சு கெடக்கு. இப்ப விட்டா எப்போ?' என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். தன் பேச்சை முழுதாகத் தட்டச்சு செய்து, அதே பள்ளியின் ஓவிய ஆசிரியர் ஆரோக்கியதாஸிடம் வாசிக்கக் கொடுத்தார். யாராவது கேள்வி கேட்டால் போனில் பதில் அனுப்பிவிடலாம் என்பது அவர் திட்டம்.

குளக்கரையில் டவர் கிடைக்கவில்லை. டீச்சர் போனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்துவிட்டு, பைக்குள் போட்டார். ஆரோக்கியதாஸ் இரண்டு பக்கம் வாசித்தார். மூன்றாம் பக்கத்தில் பூச்சிக் குடும்பங்களின் அறிவியல் பெயர்கள் வந்தன. ஒன்றை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"டீச்சர், இதுக்கு மேல எனக்கு நாக்கு பொரளல. எல்லாரையும் தண்ணியில எறக்கிருவமா?"

டீச்சர் போய்ச் சல்லடைக் கட்டைப் பிரித்தார். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் இறங்கியதும் அவர்தான்.

வேடசந்தூர்ப் பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்திருந்த கீர்த்தனாவின் சல்லடையில் காய்ந்த இலைபோல ஒன்று அகப்பட்டது. தட்டில் விட்டதும் அது கைபோன்ற முன்கால்களை மடக்கியது.

"டீச்சர், இது என்னது? கடிக்குமா?"

மணிமேகலை டீச்சரின் வாய் திறந்தது. சொல்ல இருந்தது அவ்வளவும் தொண்டைவரை வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் லென்ஸை எடுத்து நீட்டினார்.

கீர்த்தனா குனிந்தார். பக்கத்தில் இருந்தவர்களும் குனிந்தார்கள். தேள்தான் என்றார் ஒருவர். தேளுக்கு எட்டுக் கால், இதற்கு ஆறுதானே என்றார் இன்னொருவர். வாலில் கொடுக்கு இருக்கிறதா என்று தேடினார்கள். கொடுக்கைக் காணவில்லை. தட்டில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அசையாமல் காத்திருந்தார்கள்.

"பாருங்க, வால மேல நீட்டுது" என்றார் கீர்த்தனா மெதுவாக. "தண்ணிக்கு மேல மட்டும் நீட்டுது. டீச்சர், அது வால் இல்ல, குழாய். அது வழியா மூச்சு விடுது."

டீச்சர் தலையை ஆட்டினார். சத்தம் வராமல் சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது நீர்த்தேள். அதைப் பற்றி எத்தனையோ பட்டறைகளில் அவர் பேசியிருக்கிறார். அதன் பெயரைச் சொன்ன பிறகு யாரும் இப்படிக் குனிந்து பார்த்ததாக அவருக்கு நினைவில்லை.

அன்று மதியச் சாப்பாடு ஆறிப்போனது. யாரும் கரையேறத் தயாராக இல்லை. ஆரோக்கியதாஸ் தட்டுத் தட்டாகப் போய், கிடைத்ததையெல்லாம் வரைந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் போனில் எழுதிக் கணவரிடம் காட்டினார். 'இன்னைக்கு நான் ஒண்ணுமே சொல்லிக் கொடுக்கல.'

கண்ணுசாமி படித்துவிட்டு, "அப்போ நல்லா நடந்திருக்கும்" என்றார். தோளில் ஒரு அடி விழுந்தது.

தை மாதம் குரல் திரும்பியது. கொஞ்சம் தடித்த குரல், பழைய உயரம் இல்லை. வீட்டில் இருவரும் பேச முந்துகிறார்கள். பட்டறைகளில் டீச்சர் முதலில் ஆட்களைத் தண்ணீரில் இறக்கிவிடுகிறார். பேசாமல் இருக்க எப்போதும் முடிகிறது என்று சொல்ல முடியாது. சில சமயம் நடுவில் புகுந்து பெயரைச் சொல்லிவிட்டு, சொன்னதற்காக அவரே வருத்தப்படுவார்.

கோடையில் கீர்த்தனா தன் பக்கத்து ஆசிரியர்களுக்கு ஒரு பட்டறை வைத்தார். மணிமேகலை டீச்சரும் போனார், கற்றுக்கொள்ளும் ஆளாக. அங்கே குளம் வறண்டிருந்தது. கீர்த்தனா எல்லோரையும் ஓடை மணலில் உட்கார வைத்தார். மணலில் சின்னச் சின்னக் கூம்புக் குழிகள். குழிக்கு அடியில் ஒளிந்திருந்து எறும்பு பிடிக்கும் குழிநரிப் பூச்சி.

"டீச்சர், நீங்க சொல்லுங்களேன்" என்றார் ஒருவர்.

"செத்த நேரம் இருங்க. ஒரு எறும்பு வருது" என்றார் டீச்சர், குழியிலிருந்து கண்ணை எடுக்காமல்.