காய்ந்த துணி

எண்பதுகளில் எனக்கு சோலார் பேனல் மாட்டும் வேலை. எங்கள் தர்மபுரியில், இண்டூர்ப் பக்கமெல்லாம் குடிக்கவே தண்ணீர் கிடையாது. பேனலில் படியும் செம்மண்ணைக் காய்ந்த துணியால்தான் துடைப்போம். கடலோரக் குப்பம் ஒன்றில், மீனவர் கூடத்து மாடியில் பேனல் மாட்டப் போனபோதும் அந்தப் புத்திதான் கூடவே வந்தது. கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா பேனலைக் கழுவக் குடத்தோடு வந்தார்.

"தண்ணிய ஏங்க வீணாக்கறீங்க? காஞ்ச துணியில தொடச்சா போதுங்க" என்று அதட்டினேன்.

அடுத்த வருஷம் விளக்கு மங்குகிறது என்று கூப்பிட்டார்கள். மாடியேறிப் பார்த்தேன். கடல்காற்றில் வந்து படிந்த உப்பையும் மணலையும் சேர்த்துத் தேய்த்ததில் கண்ணாடி முழுக்கக் கீறல். உப்பைத் தண்ணீர் ஊற்றித்தான் கரைக்க வேண்டும் என்பது, கடலையே புதிதாகப் பார்த்த மடையன் எனக்கு உறைத்திருக்கவில்லை.

அந்த அம்மா கையில் துணியோடு பின்னாலேயே ஏறி வந்தார்.

"நீங்க சொன்னபடியே தினமும் அழுத்தித் தொடைக்கிறேன் தம்பி. ஒரு சொட்டுத் தண்ணி பட விடல. மழை வந்தாக்கூட ஓடிவந்து தார்ப்பாய் போட்டு மூடிடுவேன்" என்றார்.

மழையாவது கழுவியிருக்கும். அதையும் நான் விடவில்லை.